பொறியியல் டிராயிங்கில் அளவுக்கோடு போடும் முறை

உருவத்தை முழுதாக வரைந்த பிறகே அளவு கொடுக்கத் தொடங்குங்கள். வெளிக்கோடு 0.5 மி.மீ. தடிமன் என்றால் அளவுக்கோடும் (அளவைக் காட்டும் அம்புக் கோடு) நீட்டிப்புக்கோடும் (அளக்கும் முனையிலிருந்து வெளியே வரும் கோடு) 0.25 மி.மீ. இருக்கட்டும். எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் எது பொருளின் விளிம்பு, எது அளவு என்று படிப்பவர் தடுமாறுவார்.

அளக்க வேண்டிய இரு முனைகளிலிருந்தும் நீட்டிப்புக்கோடுகளை வெளியே இழுங்கள். அவற்றுக்கு இடையே, உருவத்திலிருந்து சுமார் 10 மி.மீ. தள்ளி, அளக்கும் நீளத்துக்கு இணையாக அளவுக்கோடு வரும். நீட்டிப்புக்கோடு அதைத் தாண்டி 2 மி.மீ. போய் நிற்கட்டும். அடுத்தடுத்த அளவுக்கோடுகளுக்கு நடுவே 8 மி.மீ. இடைவெளி போதும். சிறிய அளவு உள்ளே, பெரியது வெளியே. மாற்றிப் போட்டால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிக்கலாகிவிடும்.

அம்புக்குறி 3 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம். அதன் முனை நீட்டிப்புக்கோட்டைத் தொட வேண்டும்; தாண்டவும் கூடாது, எட்டாமலும் நிற்கக் கூடாது. இடம் போதாவிட்டால் அம்புகளை வெளியிலிருந்து உள்நோக்கிப் போடுங்கள்.

எண்ணைக் கோட்டுக்கு மேலே, நடுவில், கோட்டைத் தொடாமல் எழுதுங்கள். செங்குத்துக் கோட்டின் எண் தாளின் வலப்பக்கத்திலிருந்து படிக்கும்படி இருக்கும். 1:2 ஸ்கேலில் பாதியாக வரைந்தாலும் 80 மி.மீ. பாகத்துக்கு 80 என்றே எழுத வேண்டும். புதிதாக வரைபவர்கள் 40 என்று எழுதிவிடுவது உண்டு.

துளையின் இடத்தைக் காட்ட, அதன் நடுவே செல்லும் மையக்கோட்டையே வெளியே நீட்டி நீட்டிப்புக்கோடாக்கலாம். ஆனால் மையக்கோட்டையோ வெளிக்கோட்டையோ அளவுக்கோடாகப் பயன்படுத்தக் கூடாது. துளைக்கு ⌀ குறியிட்டு விட்டத்தைக் கொடுங்கள், ஆரத்தை அல்ல; டிரில் பிட்டை விட்டம் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

அதிகம் பாகங்களைக் கெடுப்பது சங்கிலி அளவுதான், அதாவது ஒவ்வோர் அளவையும் முந்தையது முடியும் இடத்திலிருந்து தொடங்கிக் கொடுப்பது. ஒரே வரிசையில் 5 துளைகள், நடுவே நான்கு 30 மி.மீ. இடைவெளிகள், ஒவ்வொன்றுக்கும் டாலரன்ஸ் (அனுமதிக்கும் கூடுதல் குறைவு) ±0.2 மி.மீ. என்று வையுங்கள். பிழைகள் ஒரே பக்கம் சேர்ந்தால் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் உள்ள தூரம் 119.2 ஆகலாம், 120.8 ஆகவும் ஆகலாம். எல்லாவற்றையும் முதல் துளையிலிருந்தே 30, 60, 90, 120 என்று அதே டாலரன்ஸோடு கொடுத்தால் கடைசித் துளை ±0.2-க்குள் நிற்கும். இதற்கும் ஒரு விலை உண்டு: அடுத்தடுத்த இரு துளைகளின் இடைவெளி இப்போது ±0.4 வரை மாறலாம். ஆகவே எந்தத் தூரம் பொருந்தினால்தான் பாகம் வேலை செய்யுமோ, அதை நேரடியாகக் கொடுங்கள்.

ஓர் அளவை ஒரே ஒருமுறை கொடுத்தால் போதும். சங்கிலியில் எல்லாத் துண்டுகளும் இருக்கும்போது மொத்த நீளத்தையும் சொல்ல விரும்பினால் அதை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். அது தகவலுக்கு மட்டுமே, அதை வைத்துப் பாகம் சரியா என்று சோதிக்க மாட்டார்கள்.