மழைக்கு முந்திய காற்று: சிறு விமானப் பைலட்டுகள் செய்யும் தவறுகள்

கோடை மாலையில் புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டைப் பக்கம் மொட்டை மாடியில் நின்றவர்களுக்குத் தெரியும். மேற்கே வில்லியனூர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். ஒரு சொட்டு விழுமுன்பே ஜில்லென்று காற்று அடித்து, கொடியில் காயும் துணியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். பகலெல்லாம் புழுங்கிக் கிடந்த நமக்கு அது சுகம். அந்த நேரம் பார்த்து இங்கே இறங்க வரும் நான்கு இருக்கை செஸ்னாவுக்கு அதுதான் எமன்.

மேகத்திலிருந்து கொட்டிய குளிர்காற்று தரையில் மோதிப் பரவி, மழையைவிடப் பல கிலோமீட்டர் முந்திக்கொண்டு ஓடி வருகிறது. ‘இன்னும் தூறலே இல்லையே, இறங்கிவிடலாம்’ என்று நினைப்பது முதல் தவறு. எதிர்க்காற்று திடீரென்று பின்காற்றாகிவிட்டால் விமானத்தைத் தாங்க இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம் சட்டென்று குறையும்; தரையோ பக்கத்தில் இருக்கும். பலத்த இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளி இருங்கள் என்கிறது அமெரிக்க விமானத் துறையின் அறிவுரை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. அங்கே இடி இடித்தால் இங்கே ரன்வே காய்ந்திருப்பதில் ஆறுதல் இல்லை.

மேகத்துக்கு அடியில் நுழைந்து போய்விடலாம் என்பது அடுத்தது. செஸ்னா 172 நிமிடத்துக்கு 700 அடி ஏறினாலே பெரிது. கீழே கொட்டும் காற்று நிமிடத்துக்கு 6,000 அடிவரை இழுத்துத் தள்ளும். கணக்கு அவ்வளவுதான். மேலே தாண்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம் ஊர் இடிமேகத்தின் உச்சி 50,000 அடியைத் தொடும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமானது, ரேடார் படத்தில் பலத்த மழையைக் காட்டும் சிவப்புக்கு நடுவே சந்து தேடுவது. காரைக்கால் ரேடார் படத்தை போனில் பார்க்கும்போது அது சில நிமிடம் பழசு. இடிமேகம் வளர அந்தச் சில நிமிடம் போதும்; சந்து மூடிக்கொள்ளும். புறப்படும்போது கேட்ட வானிலையை மட்டும் நம்பிப் பறப்பதும் இதே ரகம். ஸ்காட் கிராஸ்ஃபீல்ட் 1953-இல் ஒலியைப்போல இரு மடங்கு வேகத்தில் முதன்முதலாகப் பறந்தவர். 2006 ஏப்ரலில், 84 வயதில், ஜார்ஜியா மாநிலத்தில் இடிமழைக்குள் தன் செஸ்னா 210 நொறுங்கி இறந்தார். வழியில் புதிய வானிலைத் தகவலை அவர் வாங்கவில்லை. கட்டுப்பாட்டு அறையும் விலகிப்போக உதவவில்லை என்றது விசாரணை. அவருக்கே அந்தக் கதி.

சரி, தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டால்? ‘வந்த வழியே திரும்பலாம்’ என்று தோன்றும். திரும்பினால் இறக்கைமேல் பாரம் கூடும், குலுக்கலில் கழிக்கும் நேரமும் கூடும். நேரே போவதே பெரும்பாலும் சீக்கிரம் வெளியேறும் வழி. உயரத்தைப் பிடித்து வைக்கப் போராட வேண்டாம். இறக்கையை மட்டமாக வைத்தால் போதும், உயரம் ஏறி இறங்கட்டும்.

சீக்கிரம் தப்பிக்க வேகத்தைக் கூட்டுவது கடைசித் தவறு. குலுக்கலில் தாண்டக் கூடாத வேகம் ஒன்று உண்டு. செஸ்னா 172 எஸ் வகையில் முழு எடைக்கு அது 105 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). எடை 860 கிலோவாகக் குறைந்தால் 90 நாட்தான். எடை குறைந்தால் வேகமும் குறைய வேண்டும் என்பது பலருக்கும் தலைகீழாகப் படும். லேசான விமானத்தை அதே காற்று இன்னும் பலமாகத் தூக்கிப்போடும். நண்பர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புபவர், வரும்போது வைத்த அதே வேகத்தை வைத்து இங்கேதான் ஏமாறுகிறார்.