ராம் விலை ஏறிக் கெடக்கு, இப்ப பிசி வாங்கலாமா வேணாமா?

ஏஐ பூம் உடையட்டும், அப்புறம் சீப்பா வாங்கிக்கலாம்னு நிறைய பேர் காத்துக்கிட்டு இருக்கீங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

விலை ஏன் ஏறுச்சுன்னு மொதல்ல பாத்துருவோம். ராமுக்குள்ள இருக்கிற டிராம் சிப்ல பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் இந்த மூணு பேர் கையிலதான். ஏஐக்கு ஓடுற ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) போற ஹெச்பிஎம்ங்கிற மெமரில லாபம் ஜாஸ்தி, ஆனா அதே ஜிபிக்கு நம்ம பிசில போடுற டிடிஆர்5 ராம விட ஏறத்தாழ மூணு மடங்கு வேஃபர (சிப் செய்யுற சிலிக்கான் தட்டு) முழுங்குது, என்விடியாவோட ஹெச்200 ஜிபியு ஒண்ணுல மட்டுமே 141 ஜிபி இருக்கு, அப்ப நமக்கு எங்கேருந்து மிஞ்சும்? 2025 டிசம்பர்ல மைக்ரான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ராம், எஸ்எஸ்டி விக்கிற தன்னோட க்ரூஷியல் பிசினஸையே நிறுத்துறோம்னு அறிவிச்சிருச்சு.

சரி, பூம் உடைஞ்சா? ஏஐல போட்ட காசு திரும்புமாங்கிற சந்தேகம் நியாயமானதுதான். ஆனா 2022-ல எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காசுக்கான மைனிங் நின்னப்ப அதுக்கு ஓடுன பழைய கிராஃபிக்ஸ் கார்டு வந்து குவிஞ்ச மாதிரி இப்ப ராம் வந்து குவியாது. ஹெச்பிஎம் ஜிபியு பேக்கேஜோடவே சேந்து இருக்கும், கழட்டி சொருக முடியாது, சர்வர்ல போடுற ஆர்டிம் ராமும் சாதா டெஸ்க்டாப் போர்டுல ஓடாது. ஃபேக்டரி லைன் நம்ம பக்கம் திரும்புனாத்தான் விலை எறங்கும், அது உடனே நடக்கிற காரியம் இல்ல.

அதனால இப்படிப் பண்ணுங்க. வழக்கமா பாக்குற வேலை எல்லாத்தையும் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ், மெமரி போய் பாருங்க, 70 சதவீதம் தாண்டலன்னா ராம் வாங்கவே வேணாம். சிஸ்டம் ஸ்லோவா இருக்கிறதுக்குக் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு போதும், அதுவும் விலை ஏறியிருக்குதான், ஆனா மாத்துனா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

டிடிஆர்4 (டிடிஆர்5-க்கு முந்தின தலைமுறை ராம்) போர்டு வச்சிருந்தா அத விட்றாதீங்க, அதே சாக்கெட்ல ப்ராசஸர மட்டும் மாத்த முடியுமான்னு பாருங்க. புதுசா அசெம்பிள் பண்றதுன்னா ரெடிமேட் பிசி விலையையும் கம்பேர் பண்ணுங்க, பழைய ஸ்டாக் ராம் உள்ள இருந்தா சில சமயம் அதுவே கம்மியா வரும்.

லேப்டாப்னா ரொம்ப கவனம், ராம் போர்டுலயே சால்டர் பண்ணியிருந்தா பின்னாடி ஏத்த முடியாது, தேவையானத மொதல்லயே வாங்கிருங்க.

செகண்ட் ஹேண்ட் ராம்னா சிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல மாடல், ஸ்பீடு லேபிளோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு, ராம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி பூரா ஓடவிடுங்க, ஒரே ஒரு எர்ரர் வந்தாக்கூட திருப்பிக் கொடுத்துருங்க.