தலையில் அடிபட்டவரிடம் நாம் செய்யக்கூடாத தவறுகள்

தலையில் அடிபட்டவரைப் பார்த்ததும் நாம் முதலில் தேடுவது இரத்தத்தைத்தான். இரத்தம் இல்லை, லேசான வீக்கம்தான், நன்றாகப் பேசுகிறார் என்றால் கோடாலித் தைலத்தைத் தடவிப் படுக்க வைத்துவிடுகிறோம். ஆனால் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வெளிக்காயம் காட்டாது. வயது, நினைவுநிலை, ஒளி பட்டதும் கண்பாவை சுருங்குகிறதா என்பது, இரத்த அழுத்தம், உடலிலுள்ள ஆக்சிஜன் அளவு, மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர்கள் அதைக் கணிக்கிறார்கள்.

“உயரத்திலிருந்தா விழுந்தார், குளியலறையில் வழுக்கியதுதானே” என்று எண்ணுவது முதியவர்கள் இருக்கும் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குறிப்பாக ஆபத்தானது. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேற்பரப்பிலிருந்து செல்லும் சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கும். நின்ற நிலையிலிருந்து விழுந்தாலும் அவை கிழியக்கூடும். சுற்றிலும் இடம் இருப்பதால், இரத்தம் ஓரளவு சேரும்வரை அறிகுறி எதுவும் தெரியாமல் போகலாம். “ஒன்னுமில்லப்பா, காலைல பாத்துக்கலாம்” என்று தாத்தா சொன்னாலும், அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் போன்ற மருந்தையோ, ஸ்டென்ட் வைத்த பிறகு குளோப்பிடோக்ரல், ஆஸ்பிரின் போன்றவற்றையோ உட்கொள்பவருக்கு இரத்தக்கசிவு எளிதில் நிற்காது. இதைச் சொல்ல மறப்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் தவறு. மாத்திரைப் பெட்டியையே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதே சமயம், பயந்துபோய் அம்மருந்துகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் உறைந்து பக்கவாதமோ மாரடைப்போ வரக்கூடும்.

சிலர் அடிபட்டவுடன் மயங்கி, தெளிந்து, சில மணி நேரம் இயல்பாகப் பேசிவிட்டுத் திடீரென மோசமாவார்கள். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே இரத்தம் சேரும்போது இப்படி நேரும். ஆகவே, தெளிந்துவிட்டார் என்று நிம்மதியடைவது தவறு. மது அருந்தியவரின் குழறலைப் போதை என்று ஒதுக்குவதும் அப்படித்தான்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி, எழுப்பினாலும் விழிக்காத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். டாக்சியில் ஏற்றிச் செல்வது விரைவாகத் தோன்றலாம். ஆனால் வழியில் ஆக்சிஜன் குறைவோ இரத்த அழுத்த வீழ்ச்சியோ ஏற்பட்டால் காயமடைந்த மூளை மேலும் கடுமையாகப் பாதிக்கப்படும், அவற்றைச் சமாளிக்கும் வசதி ஆம்புலன்ஸில்தான் உண்டு. காத்திருக்கும்போது மைலோவோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடக்கூடும்.

நினைவுநிலையை மருத்துவர்கள் 1974இல் அறிமுகமான கிளாஸ்கோ அளவுகோலில் 3 முதல் 15 வரை மதிப்பிடுகிறார்கள். 8 அல்லது அதற்குக் குறைவு என்றால் கடுமையான காயம். ஆனால் முதியவருக்கு முதல் நாளில் 15 வந்தாலும் கவனத்தைத் தளர்த்தக் கூடாது. பல வாரங்கள் கழித்து அவர் தடுமாறி நடந்தாலோ, பெயர்களை மறந்தாலோ, “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாமல், முன்பு விழுந்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். மெல்லச் சேர்ந்த இரத்தம் காரணமாக இருந்தால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வடித்துவிட முடியும்.