உச்சவரம்பு நிலம் ஒப்படையாகக் கிடைத்தும் பட்டா வரவில்லையா? செய்ய வேண்டியவை

ஒப்படை ஆணை (அரசு நிலத்தை ஒதுக்கிக் கொடுத்த ஆணை) தாத்தா பெயரில் இருக்கும். மூன்று தலைமுறையாக உழுவதும் நாம்தான். ஆனால் பட்டாவை எடுத்துப் பார்த்தால் பழைய பண்ணையார் பெயரே நிற்கும். இதைச் சரிசெய்ய முடியும். அரசிதழ், ஒப்படை ஆணை, கிராமக் கணக்கு மூன்றும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றன என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

முதலில் நிலம் எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். ஜமீன் ஒழிப்பு (1948), பூதானம், பஞ்சமி, புறம்போக்கு ஒப்படை ஒவ்வொன்றுக்கும் நடைமுறை வேறு. இங்கே சொல்வது தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி நிலத்துக்கு மட்டும். அந்தச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் அளவு) என்று வரம்பு வைத்தது, 15.2.1970 முதல் அது 15 ஆனது. மிஞ்சியதைப் பிரிவு 18(1)இன் கீழ் அரசிதழில் அறிவித்ததும் நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். அதன்பின் நிலமற்றவர்களுக்கு ஒப்படை. உங்கள் ஆணையில் இந்தச் சட்டத்தின் பெயரோ, உதவி ஆணையர் (நிலச் சீர்திருத்தம்) அலுவலக முத்திரையோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து புல எண். பெரும்பாலான சிக்கல் இங்கேதான். ஆணையில் இருப்பது பழைய எண்ணாக இருக்கலாம். 1979இல் தொடங்கிய யுடிஆர் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணியில் பல கிராமங்களில் உட்பிரிவுகள் மாறிவிட்டன. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ பழைய எண், புதிய எண் ஒப்பீட்டைக் கேளுங்கள். பிறகு 'அ' பதிவேடு (புல எண் வாரியான கிராமக் கணக்கு), சிட்டா (பட்டாதாரர் வாரியான கணக்கு), புலப்படம் மூன்றையும் இணையத்திலேயே எடுக்கலாம். பரப்பையும் ஒத்துப் பாருங்கள். ஆணையில் 2 ஏக்கர் என்றிருந்தால் சிட்டாவில் ஏறக்குறைய 0 ஹெக்டேர் 81 ஏர் என்றிருக்க வேண்டும் (1 ஏக்கர் 40.47 ஏர்). 0 ஹெக்டேர் 40 ஏர் என்றிருந்தால் பாதி நிலம் வேறு உட்பிரிவில் கிடக்கிறது, அல்லது வேறொருவர் பெயரில் ஏறிவிட்டது.

ஒரு புல எண்ணில் பாதியை மட்டும் உபரியாக எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அரசிதழில் 'பகுதி' என்றிருக்கும். உட்பிரிவு செய்யாமலே விட்டிருப்பார்கள். கிழக்குப் பாதி ஒப்படையானவர் மேற்கில் உழுதுகொண்டிருப்பார். நிலத்தை ஒப்படைத்தபோது போட்ட வரைபடம் இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது.

ஆகவே ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1)இன் கீழ் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உதவி ஆணையர் (நிலச் சீர்திருத்தம்) அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 18(1) அறிவிக்கை, ஒப்படை பெற்றவர் பட்டியல், ஆணையின் சான்றிட்ட நகல், நிலம் ஒப்படைத்த வரைபடம், வழக்கு அல்லது தடையாணை இருந்தால் அதன் எண் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். "எல்லா ஆவணமும்" என்று எழுதினால் பதிலும் மொட்டையாகவே வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால் 19(1)இல் மேல்முறையீடு.

வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். அரசு எடுத்த செய்தி பெரும்பாலும் இருக்காது. பழைய உரிமையாளரின் வாரிசுகள் உங்கள் நிலத்தை விற்றிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க அது உதவும். விற்றிருந்தால், அரசுக்குச் சேர்ந்த நிலம் என்று 18(1) அறிவிக்கை நகலோடு வட்டாட்சியரிடமும் உதவி ஆணையரிடமும் உடனே ஆட்சேபம் கொடுங்கள். காலம் தாழ்த்தினால் அந்தப் பத்திரத்தின் மேல் இன்னொரு பத்திரம் ஏறும்.

பட்டாவுக்கான மனுவில் ஒப்படை ஆணை, அறிவிக்கை, கிஸ்து (நில வரி) ரசீது, பல பசலி ஆண்டுகளின் அடங்கல் (யார் என்ன பயிரிட்டார் என்ற கிராமக் கணக்கு) வேண்டும். பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434. அடங்கலில் சாகுபடியாளர் பெயர் வேறாக இருந்தால் பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்; அறுத்தபின் காட்டிப் பயனில்லை. ஒப்படை பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேரும். மகள்கள் பெயரை விட்டுவிடாதீர்கள். அது அநியாயம், மனுவும் அதிலேயே நிற்கும். நில மதிப்பைத் தவணையாகக் கட்டச் சொல்லி ஆணையில் இருந்தால் அந்த ரசீதுகளும் தேவை. யுடிஆரில் பெயர் தவறாக ஏறியிருந்தால் திருத்த மனு மாவட்ட வருவாய் அலுவலருக்குப் போக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலேயே நடையாய் நடப்பவர்கள் இதைத் தெரியாமல்தான் ஆண்டுகளை இழக்கிறார்கள்.

ஆணையின் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். எத்தனை ஆண்டு விற்கக் கூடாது, தானே பயிரிட வேண்டுமா என்பதெல்லாம் அங்கே இருக்கும். அவசரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டாலோ, நிலத்தைப் பிறர் கையில் விட்டாலோ, நிபந்தனை மீறல் என்று ஒப்படையையே ரத்து செய்ய இடம் கொடுத்ததாகும். பட்டா கைக்கு வந்ததும் நில அளவைக்குப் பணம் கட்டி, பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்னிலையில் கல் நட்டுக்கொள்ளுங்கள்.