கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு சார்ட் பேப்பர்

ஆன்லைன் வகுப்பு தொடங்க நினைக்கிறவர்கள் வீடியோ எடுக்கும் முன் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்து ஒட்டிய திட்டம், போட்டுப் பாருங்கள். 1930-களில் டிஸ்னி ஸ்டுடியோவில் கார்ட்டூன் படங்களுக்காக வளர்ந்த முறை இது. பாடத்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

கன்னியாகுமரி மாவட்டத் தோவாளையில், பூக்களை மடித்து மாணிக்கக் கல் பதித்ததுபோல் கட்டும் மாணிக்கமாலை செய்யும் அக்கா ஒருவருக்கு இப்படித்தான் வகுப்பு தயாரித்தோம். 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற மாலை அது. சுவரில் சார்ட் ஒட்டி, ஒரு காட்சிக்கு ஒரு சீட்டு. மேலே திரையில் தெரிவது, கோட்டுப்படமாக. நடுவில் அக்கா பேசுவது. கீழே, பார்க்கிறவர் தன் கையால் செய்ய வேண்டியது. இந்தக் கீழ்வரிதான் உயிர். அது காலியாக இருந்தால் அந்தச் சீட்டையே எடுத்துவிடலாம்.

கடைசிச் சீட்டை முதலில் எழுதுங்கள்: வகுப்பு முடியும்போது கற்பவர் எதைக் கட்டியிருப்பார்? அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அரளியை மடிக்கும் சீட்டை வரைந்தபோதுதான் ஒன்று புரிந்தது. கேமரா எதிரே இருந்தால் வலது கை இடப்பக்கம் தெரியும், கற்பவர் குழம்புவார். “தோளுக்கு மேலிருந்து எடு” என்று அம்புக்குறி போட்டோம். ஒரே அளவுப் பூவாகப் பொறுக்குவதைச் சொல்லாமலே மடிப்புக்குப் போயிருந்ததும் தெரிந்தது. சீட்டை நகர்த்த ஒரு நொடி போதும். எடுத்த வீடியோவைத் திருத்துவதென்றால் விடியற்காலையில் மறுபடி சந்தைக்குப் போய்ப் பூ வாங்க வேண்டும், வாங்கின பூ மதியத்துக்குள் வாடிவிடும்.

படம் அழகாக வர வேண்டியதில்லை. பேசுவதை மட்டும் போனில் நேரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். ஒரு சீட்டு ஐந்து நிமிடம் தாண்டினால் அதை இரண்டு சீட்டாக்குங்கள்.