சப்வூஃபர் பெட்டியை விற்கும் முன் காற்றுக் கசிவை அடைத்த விதம்

இரண்டு 12 அங்குல சப்வூஃபர்கள் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்கள்), 18 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) பெட்டி, காற்றுப் போக வழியில்லாத சீல்டு வகை, நடுத்தடுப்பு இல்லை. பேஸ் ஏற்றினால் மூலையில் ‘புஸ்’ என்று சீறியது.

முதலில் ஸ்பீக்கர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 4 ஓம் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) ஏறக்குறைய 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டினால் நல்லது. கோனை (முன்பக்கக் கூம்பை) நான்கு விரலால் சமமாக அழுத்தும்போது உரசல் கேட்டால் அந்தச் சுருள் வெந்திருக்கலாம் அல்லது நடுவிலிருந்து விலகியிருக்கலாம். அதை நல்லதென்று விற்கக் கூடாது. இரண்டிலும் பழுதில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க, ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டி, 30 ஹெர்ட்ஸ் டோனைச் சின்ன ஒலியில் ஓடவிட்டு, ஊதுபத்தியை இணைப்புகளை ஒட்டி நகர்த்தினேன். பின்பக்க டெர்மினல் கப் (ஒயர் இணைக்கும் குழி) அருகே புகை துடித்தது. கப்பையும் ஸ்பீக்கர்களையும் கழற்றி, உள்மூலைகளில் மரப்பசையும் மரத்தூளும் குழைத்து அப்பி, கப்பின் விளிம்பில் சிலிக்கோன் பசை இட்டேன். புளித்த வாடை வீசும் சிலிக்கோன் வேண்டாம், அந்த ஆவி செம்பை அரிக்கும். 24 மணி நேரம் காயும்வரை ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. ஸ்பீக்கர் ஃபிரேமுக்கு அடியில் ஃபோம் டேப்; திருகு பிடிக்காத ஓட்டைகளுக்கு டி-நட் (மரத்தில் பதிக்கும் நட்).

பிறகு ஒரு கோனை மெல்ல அழுத்தினால் மற்றது வெளியே தள்ளி நின்று, மெதுவாகவே திரும்பியது. கசிவு இருந்தபோது உடனே அமுங்கியது.

விளம்பரத்தில் வெளியளவு 80×36×38 செ.மீ., உள்கொள்ளளவு சுமார் 85 லிட்டர் என்று போட்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இரண்டு 4 ஓம் வாய்ஸ் காயில் என்பதால், மொத்தம் 1 ஓமா 4 ஓமா, எப்படி இணைத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தெரியாமல் 1 ஓமில் மாட்டினால், அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் என்றால் வாங்குபவருக்கு அது போய்விடக்கூடும்.