மாரி வருமுன்: இறுவட்டு சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சீடி, டிவிடிகளைத் தேடி வாங்கும் இளைஞர்கள் சிலரை அண்மைக்காலமாகக் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் சந்திக்கிறேன். அவர்களின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. அலுமாரியைத் திறந்து காட்டும்போதுதான் வயிறு எரிகிறது. எங்கள் தலைமுறை எதையெல்லாம் செய்து கெடுத்ததோ, அதையே ஒன்றுவிடாமல் செய்து வைத்திருக்கிறார்கள்.

விரல் படக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டார்.

அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவகம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி, இறுவட்டுகளை 20 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெப்பத்திலும் 20 முதல் 50 வீத ஈரப்பதனிலும் வைக்கச் சொல்கிறது. கார்த்திகை மார்கழியில் மட்டக்களப்பின் கல்லடியில் அது நடக்கிற காரியமா? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மேலே மழை. குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் பல காலம் தாக்குப்பிடிக்கும் பழக்கமெல்லாம் இங்கே இரண்டு மாரிக்குள் பல்லைக் காட்டிவிடும்.

உயிர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பது

மினுங்கும் பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவார்கள். படம் அச்சிட்ட பக்கத்தை மேசையில் தேய்த்து இழுப்பார்கள். சீடியின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதில் கிட்டத்தட்ட முழுவதும் பொலிகாபனேற்று என்ற தெளிந்த பிளாஸ்டிக். பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலம் மேலே, அச்சு மைக்கு நேர்கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே. குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலே படலம் நசுங்கும். கீழ்ப்பக்கக் கீறலை மெருகேற்றிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மேல்பக்கம் உரிந்தால் மீட்க ஒன்றும் மிஞ்சாது.

டிவிடி 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. தரவு நடுவில் இருப்பதால் மேல்பக்கக் கீறலைச் சற்றுத் தாங்கும். ப்ளூ ரேயில் எல்லாம் தலைகீழ். அதன் தரவு மினுங்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கத்துக்குக் கடினப் பூச்சுக் கொடுக்கிறார்கள். அதை மெருகேற்றப் போனால் பூச்சுத்தான் போகும்.

பெட்டியை எறிந்துவிட்டுச் சிப் பைக்குள் அடுக்குவது

இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சலித்துவிட்டேன்! காரைதீவில் ஒரு தம்பி, மூடப்படவிருந்த கடையொன்றின் இறுவட்டுகளை மொத்தமாக வாங்கினார். நல்ல சேகரிப்பு. அடுத்த முறை போனபோது பெட்டிகள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தன. இறுவட்டுகள் சிப் இழுத்து மூடும் கறுப்புத் துணிப் பைகளுக்குள், பக்கத்துக்கு நான்காக. "அண்ணன், பெட்டி வெறும் பிளாஸ்டிக்தானே, இடத்தை அடைக்கிறது" என்றார். பாட்டு வரிகளும் கலைஞர் பெயர்களும் அச்சிட்ட கையேடுகள்? அவையும் குப்பைக்கே.

வெறும் பிளாஸ்டிக்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இறுவட்டு எப்படி நிற்கிறது என்று அவர் ஒருமுறையாவது பார்த்திருக்கலாம். நடுத்துவாரத்தைப் பற்கள் பிடித்திருக்கின்றன. தரவுள்ள பகுதியின் மேலும் கீழும் எதுவும் தொடுவதில்லை. பெட்டி வெடித்தால் வேறு பெட்டி வாங்கலாம். சிப் பையிலோ உறை இரு பக்கமும் ஒட்டி நிற்கிறது. உள்ளே ஒரு மணல் துகள் போதும், எடுக்கும்போதும் வைக்கும்போதும் அரம் போட்டுவிடும். கடற்கரை ஊரில் மணல் புகாத பை எங்கே இருக்கிறது?

கீறல்கூடப் பரவாயில்லை. மலிவான பைகளின் உறைகள் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை மிருதுவாக்கச் சேர்த்த இரசாயனம் வெப்பத்தில் மெல்லக் கசியும். முதலில் இறுவட்டில் ஒரு மங்கல் படியும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் உறையும் அச்சுப் பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பையை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துப் பாரமும் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். துணி ஈரத்தை உறிஞ்சும், சிப் அதை வெளியே விடாது.

ஒரு கிராமத்தில் வடமோடிக் கூத்து அரங்கேற்றத்தைப் பதிந்த டிவிடிகளும் அதன் பாட்டுகளை எழுதிய சீடிகளும் இப்படி ஒரு பையில், கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அதில் ஆடியவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை, பழக்கிய அண்ணாவியாரும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் கேட்டதும் வீட்டார் அவசரத்தில் உறையிலிருந்து இழுத்தார்கள். டிவிடிகள் மங்கலோடு தப்பின. சீடிகளில் வெள்ளிப் படலம் திட்டுத் திட்டாக உறையோடு போய்விட்டது. தட்டைத் தூக்கிப் பிடித்தால் எதிரே நின்றவரின் முகம் தெரிந்தது. அந்தப் படலம்தான் பாட்டு. மட்டக்களப்பிலோ கொழும்பிலோ எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் அதைத் திருப்பி ஒட்ட முடியாது. பெட்டிகளை எறிந்து மிச்சம் பிடித்த இடம் ஒரு அலுமாரித் தட்டு. அதுகூட முழுத்தட்டு அல்ல.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். உறையைத் தையலோரமாக வெட்டித் திறந்து, இறுவட்டை மேசையில் அசையாமல் வைத்து, உறையை மட்டும் மடித்து மடித்து மிக மெதுவாக விலக்குங்கள். இறுவட்டு வளையக் கூடாது. உண்மையிலேயே இடமில்லாதவர்கள் பொலிபுரோப்பிலீன் உறை வாங்கலாம். புது மழைக்கோட்டின் நெடி அடித்தால் அது பிவிசி, கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கையேட்டையும் இறுவட்டோடு சேர்த்து, மூடியுள்ள பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள்.

அந்தத் தம்பி இப்போது வெறும் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஸ்டிக்கர் ஒட்டுவது

ஒட்டாதீர்கள். ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள்.

கடையில் வாங்கியதும் வீட்டில் எழுதியதும் ஒன்றென்று நினைப்பது

தொழிற்சாலை இறுவட்டில் தரவு பள்ளங்களாக அச்சில் வார்க்கப்படுகிறது. கணினியில் நாம் எழுதும் இறுவட்டில் அது ஒரு சாயப் படையில் லேசர் சுட்ட தடம். சாயம் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வெளிறும். அதனால்தான் 1980களின் இசைச் சீடி இன்றும் பாட, பிறகு எழுதிய திருமண, சடங்கு டிவிடிகள் நடுவில் நின்றுவிடுகின்றன. சேகரிப்பில் முதலில் காப்பாற்ற வேண்டியவை இவைதாம். ஆனால் பலர் அரிய படத்தைக் கண்ணாடி அலுமாரியிலும், அக்காவின் கல்யாணத்தைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் வைக்கிறார்கள்.

வாசிக்கும்போது கருவி திக்கித் திக்கி நின்றால் அது, வாசிக்க முடியாத தரவைக் கருவி தானே ஈடுசெய்யும் பிழைதிருத்தம் தன் எல்லையை நெருங்கும் அறிகுறி. அன்றே வன்தட்டில் பிரதியெடுங்கள். ஒரு பிரதி வாவியின் கடற்பக்கமான எழுவான்கரையில் இருந்தால் இன்னொன்று மறுபக்கமான படுவான்கரையில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். 2004 டிசம்பரில் கடல் எழுவான்கரைக்கு வந்தது. 2011 ஜனவரி வெள்ளம் படுவான்கரையை மூழ்கடித்தது.

நப்தலீன் உருண்டை

சேலைக்கு. இறுவட்டுப் பெட்டியின் பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக்கை அதன் ஆவி இளக்கிவிடும்.

குளிரூட்டி அறை இருக்கிறதே என்ற தைரியம்

இரவில் மட்டும் ஓடும் குளிரூட்டி இரவில் குளிர வைக்கிறது, பகலில் விட்டுவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் சீரான வெப்பத்தைவிடத் தட்டின் படைகளுக்குக் கெடுதல். குளிர்ந்த தட்டை வெளியே எடுத்ததும் அதில் நீர் பூக்கும். மாரிக் காற்றில் அது லேசில் உலராது. ஈரம் புகுந்த இடத்தில் அலுமினியம் அரிக்கும். விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளைகள் தெரிந்தால் தொடங்கிவிட்டது. பூஞ்சணமும் சும்மா இராது. 2001இல் வெப்பமண்டல நாடான பெலீஸில் கிடைத்த ஒரு சீடியைப் பூஞ்சணம் விளிம்பிலிருந்து அலுமினியம் வரை தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

றப்பர் விளிம்புள்ள உணவுப் பெட்டிகளே போதும். கோடையில், காய்ந்த நாளொன்றில் அடுக்கி, ஈரம் உறிஞ்சும் நீலநிறச் சிலிக்கா ஜெல் மணிகளை உள்ளே போட்டு மூடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் எடுத்து, சுமார் 120 பாகையில் ஓவனில் உலர்த்தி மீண்டும் போடலாம். சிலர் அரிசி போடுகிறார்கள். வண்டு வளர்க்க நல்ல வழி.

வெள்ளம் வடிந்ததும் துணியால் துடைப்பது

இறுவட்டு நனைந்ததற்காகச் சாவதில்லை. காய்ந்த சேற்றைத் துடைக்கும்போதுதான் கெடுகிறது. பெட்டியிலிருந்து எடுத்து, சேறு காயுமுன் சுத்தமான நல்ல தண்ணீரில் அலசி, நிறுத்தி வைத்து நிழலில் உலர விடுங்கள். உப்புநீர் பட்டிருந்தால் இரண்டுமுறை அலசுங்கள். பிறகு துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், அதைக் கருவியால் சரிசெய்ய முடியாது.

கையேடுகளுக்கு அவகாசம் குறைவு. பளபளப்பான தாள் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரியுங்கள். அதற்கு நேரமில்லை, மின்சாரம் இருக்கிறது என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்துவிட்டு, வீட்டைக் கழுவி முடித்தபின் ஆறுதலாகப் பிரிக்கலாம். மீனை எங்கே வைப்பது என்று வீட்டில் சத்தம் வரும். அதற்கு என்னிடம் யோசனை இல்லை.